பெட்ரோல் பண்டிதர்

நடுத்தர வர்க்கத்துக் கார் உடைமையாளர்களுள் பெட்ரோல் பண்டிதர் என்று தனித்து வகுக்கத்தக்க ஓர் இனம் தமிழ்நாட்டு நகரங்களில் பல்கிக் காணப்படுகிறது. ஐம்பதை ஒட்டிய வயதும், தவணை கட்டி முடிந்த சிறிய காரும், அந்தக் காரின் 'இழுவை' குறைந்துவிட்டது என்ற தீராத மனக்குறையும் இவ்வினத்தின் புற அடையாளங்கள். வீட்டுக்கு எதிரிலேயே பங்க் இருந்தாலும் பண்டிதர் அங்கே நுழையமாட்டார். எண்ணெய் நிறுவனமே நேரடியாக நடத்துவதால் கலப்படத்துக்கு இடமில்லை என்று நம்பப்படும் 'கோகோ' பங்க்கைத் தேடிப் புறவழிச்சாலை வரை சென்று, போக வர ஒரு லிட்டருக்கு மேல் எரித்து, சுத்தமான பெட்ரோலுடன் திரும்புவதே அவர் வழக்கம்.

குளிர்ந்த பெட்ரோல் சுருங்குவதால் அதே லிட்டரில் சரக்கு கூடுதலாகக் கிடைக்கும் என்பது அவர் கொள்கையாதலால், இந்த யாத்திரை விடியற்காலையிலேயே நிகழும். கொள்கையில் பிழையில்லை, நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை பகலிரவில் பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் அவர் கணக்கில் வருவதில்லை. முழுத்தொகைக்குக் கேட்டால் இயந்திரம் ஏமாற்றும் என்பதால் 500 என்னாது 515 என்பார். "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று ஊழியர் சொல்லி முடிக்குமுன் இறங்கிவந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடர்த்தி எண்ணை வாசிப்பார்.

"என்னப்பா, டென்சிட்டி 742தானா? போன வாரம் 748 இருந்துச்சே!"

"அதெல்லாம் தெரியாது சார். நார்மலா, பவரா?"

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் பெட்ரோலின் எடையைக் கிலோகிராமில் குறிப்பது. 15 பாகை செல்சியசில் அது 720 முதல் 775 வரை எதுவாக இருப்பினும் விதிக்கு உட்பட்டதே. லாரியில் வந்திறங்கியபோது பதிவான எண்ணிலிருந்து 3-க்கு மேல் விலகினால்தான் ஐயத்துக்கு இடமுண்டு. பண்டிதரோ எண் ஏற ஏறத் தூய்மையும் ஏறுவதாகக் கொள்பவர்.

ஊழியரின் கேள்விக்கு விடை எப்போதும் 'பவர்', அதாவது ஆக்டேன் எண் கூடிய விலையுயர்ந்த பெட்ரோல்தான். ஆக்டேன் எண் என்பது, எஞ்சினுக்குள் அழுத்தப்படும்போது தீப்பொறியின் சுடர் வந்து எட்டுமுன் தானாகவே வெடித்துத் தட்டும் ஓசை எழுப்பாமல் எரிபொருள் தாக்குப்பிடிக்கும் திறனின் அளவேயன்றி, அதில் அடங்கிய ஆற்றலின் அளவன்று. பிஎஸ்-6 விதிப்படி சாதாரணப் பெட்ரோலுக்கு 91 கீழெல்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோல் அழுத்த விகிதம் மிகுந்த உயர்விலை வண்டிகளுக்கு ஏற்றது. பண்டிதரின் கார் 91-க்கென்று வடிவமைக்கப்பட்டது. ஆயினும் விலையுயர்ந்த பெட்ரோல் போட்ட அன்று மேம்பாலத்தில் வண்டி 'சும்மா பறக்கிறது' என்று மனைவியிடம் சொல்வார். அந்த அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எத்தனால் விவகாரத்தில்தான் அவர் புலமை உச்சம் தொடுகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறது என்று அவர் புலம்புவதில் நியாயம் உண்டு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதே எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டியது என்பதும், எந்த எண்ணுக்காக அவர் கூடுதல் காசு கொடுக்கிறாரோ அதைச் சாதாரணப் பெட்ரோலில் உயர்த்துவதும் அதுவே என்பதும் அவர் செவிக்கு எட்டியதில்லை. டயரில் காற்று குறைந்து, காற்று வடிகட்டி செம்மண் நிறத்துக்கு மாறிக் கிடப்பதும், எவ்வகை எரிபொருள் என்று சொல்லும் கையேடு உறை பிரியாமல் டேஷ்போர்டில் உறங்குவதும் அவர் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை.

இத்தனை ஐயம் கொண்ட மனிதர் வடிதாள் சோதனையை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதே வியப்பு. தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடங்களில் கறையின்றி ஆவியாகிவிடும். அந்தத் தாளையும், அளவைச் சரிபார்க்க முத்திரையிட்ட 5 லிட்டர் கலத்தையும் பங்க்கில் வைத்திருந்து, வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.