சான்று கேட்கும் சான்றோர்க்கு

பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவினருக்கு,

உங்கள் ஆலோசனைப்படி இங்கிலாந்தில் 2024 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸுக்கான தடுப்பூசித் திட்டத்தைப் பாராட்டவே இக்கடிதம். கர்ப்பிணிகளை விட்டுவிட்டால், பெரியவர்களில் 75 முதல் 79 வயது வரை என்று கோடு போட்டீர்கள். கச்சிதமான கோடு. அறுபது வயதில் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரும், ஸ்டெம் செல் மாற்று முடிந்து வீடு திரும்பியவரும் அதற்கு வெளியே நின்றார்கள். நல்ல உடம்புக்காரருக்குச் சளியாக வந்து போகும் இந்த வைரஸ், ரத்தப் புற்றுநோயாளிக்கு நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். அடுத்த கீமோ தள்ளிப்போகும். ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் இருப்பதுபோல் இதற்கு நம்பிக் கொடுக்க மாத்திரையும் இல்லை. நீங்கள் அறியாததல்ல. ஃப்ளூ ஊசிக்கு இதே ஆட்களை வயது பாராமல் முன்வரிசையில் நிறுத்தி, கூட வசிப்பவர்களுக்கும் போடச் சொன்னது உங்கள் நாடுதானே! அதே கிளினிக், அதே நர்ஸ், அதே கை; ஒரு ஊசிக்கு அவர் நோயாளி, மறு ஊசிக்கு வயசு பத்தாதவர்.

சான்று போதாது என்பீர்கள். எப்படிப் போதும்? 60 வயது கடந்த பல்லாயிரம் பேரிடம் தங்கள் ஆர்.எஸ்.வி. ஊசிக்காக ஃபைசரும் கிளாக்ஸோவும் நடத்திய பெரிய ஆய்வுகள் இரண்டிலும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்க்காததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் ஊசி இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், தெளிந்தால்தான் கல்யாணம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதற்கு ஒரு குழுவும் கூட்டக் குறிப்பும் தேவைப்படும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 80 தாண்டியவர்களுக்கும் முதலில் இதே பதில்தான் கிடைத்தது: ஆய்வில் அந்த வயதினர் குறைவு.

ஊசி போட்டாலும் இவர்கள் உடம்பில் பிடிக்காதே என்ற கேள்வி நியாயமானது. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றிய சில மாதங்களுக்கு, புதிய ஊசிக்கு எதிர்ப்புப் புரதம் உருவாக்கும் வேலைக்கு உடம்பில் ஆளே இருப்பதில்லை. ஆனால் எல்லா ரத்தப் புற்றுநோயாளியும் எந்நேரமும் ரிட்டுக்ஸிமாபில் இல்லை. சிகிச்சை தொடங்குமுன் சில வாரங்கள் கிடைப்பவர்கள் உண்டு, முடித்து ஆண்டுகள் ஆனவர்களும் உண்டு. ஃப்ளூ ஊசியும் இவர்களிடம் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. அதை நீங்கள் நிறுத்தவில்லை. தன் ஸ்டெம் செல்லையே திரும்பப் பெற்ற நோயாளிகளிடம் அக்கித் தடுப்பூசியைச் சோதித்த ஆய்வு 2019-ல் வெளியானது. அக்கி வருவது 68 சதவீதம் குறைந்தது. 2023 செப்டம்பரில், எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றிய 50 வயது கடந்தவர்களுக்கு உங்கள் நாடே அதைப் போடத் தொடங்கியது. ஆக, கேட்டால் சான்று கிடைக்கும். யாராவது கேட்க வேண்டும். பணம் என்றால், மூத்தோர் எண்ணிக்கைக்கு முன் இவர்கள் ஒரு கைப்பிடி. (ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைக்கும் செலவை ஒரு குப்பி மருந்தோடு ஒப்பிடுவது அநாகரிகம் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

ஒரு விண்ணப்பம். அடுத்த தடுப்பூசி வரும்போது புதிதாகக் கூட்டம் போட வேண்டாம். ஆய்வறிக்கையில் ‘இவர்களைச் சேர்க்கவில்லை’ என்றொரு பட்டியல் இருக்கும். தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, ‘முதலில் போட வேண்டியவர்கள்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
வயது போதாதோர் சார்பில் ஒருவன்