கெட்டிச் சூப்பும் பக்கத்துத் தட்டும்

மாவுச்சத்தைக் குறைத்து, காய்கறிகளை மட்டுமே நம்பி, வீட்டிலேயே கெட்டியாகக் காய்ச்சப்படும் சூப் என்பது சமையல் நூல்களில் ஒரு சிறு துணைத்தலைப்புக்கு மேல் இடம் கோராத பொருளே எனினும், சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் சாங்கி வட்டாரத்து வீவக வீடுகளில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டித் தந்த அடுக்குமாடி வீடுகளில், அது மருத்துவ அறிக்கை, மாமியார் மருமகள் உறவு, மிக்சியின் மூடி ஆகிய மூன்றையும் ஒருங்கே பாதிக்கும் நிலைக்கு வந்துவிட்டமையால் சற்று விரிவாக ஆராயத்தக்கதாகிறது. மாவுச்சத்துக் குறைந்த உணவு எது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குள் அடங்கினால் போதும் என்போர் ஒரு சாரார். 50 கிராமைத் தாண்டினாலே விரதம் கெட்டது என்னும் கீட்டோ நெறியினர் மறு சாரார். சாங்கிக் குடும்பத் தலைவரோ, இரவில் சோறு இல்லையென்றால் அதுவே குறைந்த மாவுச்சத்து என்றும், பகலில் நடந்தவை பகலோடு போயின என்றும் மூன்றாவது வரையறை ஒன்றை நிறுவி, அதை இன்றுவரை கட்டிக்காத்து வருகிறார்.

இவ்விவகாரம் சமையலறையோடு நின்றுவிடாமல் அரசாங்க மேடை வரை ஏறிய வரலாறு குறிப்பிடத்தக்கது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலானோரிடையே நீரிழிவு 11.3 விழுக்காடாக இருந்தபோது இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடாக இருந்தது. பிள்ளைகள் எந்தத் தேர்விலும் முதலிடம் பெறவேண்டும் என்று துடிக்கும் சமூகம் இந்தப் பட்டியலிலும் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2016 ஏப்ரலில் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவின் மீது போர் தொடுப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், ஆண்டுதோறும் நாடே உட்கார்ந்து கேட்கும் தேசிய தினப் பேரணி உரையில், பாலர் கல்விக்கும் தொழில்நுட்பத் திட்டங்களுக்கும் சமமாக நீரிழிவுக்கும் இடம் ஒதுக்கினார். 2022 டிசம்பர் 30 முதல், சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முறையும் நடைமுறைக்கு வந்ததால், பள்ளிக்கூடத்தோடு முடிந்தது என்று பலர் நிம்மதியாக இருந்த மதிப்பெண் அட்டை பானப் புட்டியின் மேல் மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

போரின் விளைவு காப்பிக்கடைகளில் காதால் கேட்கத்தக்கதாக இருக்கிறது. வெறுமை எனப் பொருள்படும் கோசோங் என்னும் மலாய்ச் சொல், தேநீரோடு சேர்ந்தால் சர்க்கரை வேண்டாம் என்பதையும், பராட்டாவோடு சேர்ந்தால் முட்டை, வெங்காயம் எதுவும் வேண்டாம் என்பதையும் குறிக்கும். தே ஓ கோசோங் ஒன்றும் பராட்டா கோசோங் மூன்றும் வாங்கிக்கொண்டு உட்காருபவர், வெறுமையோடு வெறுமையைக் கூட்டினால் விடை பூச்சியமே என்ற முடிவுக்கு வந்து, மனச்சாட்சி உறுத்தாமல் சாப்பிட்டு எழுகிறார்.

குறைந்த மாவுச்சத்து உணவு நெறியின் மூலவராகப் பலரும் சுட்டுபவர் லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராகத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங் ஆவார். உடல் பருத்துப்போன அவர், மருத்துவர் ஒருவரின் சொற்படி நடந்து இளைத்தபின், 1863இல் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாகத் தம் அனுபவத்தை அச்சிட்டு வெளியிட்டார். தம் தொழிலுக்கு வாடிக்கையாளர் குறைவதற்குத் தாமே வழிசொன்ன வணிகர் என்னும் வகையில் அவர் போற்றத்தக்கவர். எனினும் அவர் விலக்கச் சொன்னவற்றில் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு வெண்ணெயும் பாலும் இருந்தன என்பதால், இன்று அவர் வழியில் செல்வதாகச் சொல்லி வெண்ணெயில் தொடங்கிக் கிரீமில் முடிக்கப்படும் சூப்பை அவர் முன் வைத்திருந்தால் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

சூப்பில் மாவு ஏன் வந்தது என்பதை அறிந்தாலொழிய அதை வெளியேற்றும் முயற்சி விளங்காது. மாவின் நுண்மணிகள் ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பி, சுற்றியுள்ள நீரையும் ஓடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன; ஒரு மேசைக்கரண்டி சோளமாவு ஒரு கோப்பைத் தண்ணீருக்குக் கனம் கொடுத்துவிடும். தமிழ்நாட்டுத் திருமண வரவேற்புகளில் வாசலிலேயே கையில் திணிக்கப்படும் ஸ்வீட் கார்ன் சூப் இந்த அறிவியலின் தூய வடிவம்: அதில் நான்கு சோளமணிகளும் ஒரு காரட் துணுக்கும் அசையாமல் அந்தரத்தில் நிற்பதற்குக் காரணம் சமையல்காரரின் கைவண்ணம் அன்று, சோளமாவு. லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்துத் தமிழ் முஸ்லிம் கடைகளில் கிடைக்கும் சூப் காம்பிங் என்னும் ஆட்டுச் சூப் எலும்பின் சாரமும் மசாலாவும் கூடிய நேர்மையான பொருள் என்றாலும், அதைத் தோய்த்துத் தின்பதற்கென்றே ரொட்டித் துண்டுகள் உடன் வருவதால், மாவுச்சத்து அங்கே கிண்ணத்துக்கு உள்ளிருந்து வெளியே இடம் மாறியதாகவே கொள்ள வேண்டும். இந்த இடமாற்றம் பின்னர் மீண்டும் பேசப்படும்.

மாவுக்கு மாற்றாக அறிஞர்கள் கண்ட காய் காலிஃபிளவர். நூறு கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்து இருக்கக் காலிஃபிளவரில் 5 கிராமே உண்டு, அதிலும் 2 கிராம் செரிக்காமல் கழியும் நார். வெந்தபின் அதன் செல் சுவர்கள் இளகி, அரைக்கும்போது மிகமிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நீரில் மிதப்பதால், கனமும் வழவழப்பும் மாவின் உதவியில்லாமலே கிடைத்துவிடுகின்றன. உருளைக்கிழங்கை இதே வேகத்தில் அரைத்தால் மாவுமணிகள் உடைந்து பசையாகி, சூப்பாகப் பரிமாற முடியாமல் நவராத்திரித் தோரணம் ஒட்டத்தான் பயன்படும். காலிஃபிளவரை எவ்வளவு அரைத்தாலும் அந்த அபாயம் இல்லை. தம் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து தருவிக்கும் நாட்டில் இக்காயும் கடல் கடந்தோ பாலம் கடந்தோதான் வருகிறது. சாங்கியிலிருந்து பேருந்தும் ரயிலும் மாறித் தேக்கா ஈரச்சந்தைக்குச் சென்று வாங்குவோர், வீட்டுக்குக் கீழேயே பேரங்காடி இருக்க ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கப்பட்டால், கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும் என்று சொல்வதுண்டு. கறிவேப்பிலைக்கு ஆகும் பயணச் செலவை எவரும் கணக்கிடுவதில்லை, கணக்கிட்டவரை வீட்டில் யாரும் விரும்புவதுமில்லை.

செய்முறை எளியது. அடிகனத்த பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருகியதும், பாதி வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் நிறம் மாறாமல், கண்ணாடிபோல ஆகும்வரை மட்டும் வதக்க வேண்டும். இந்த இடத்தில் கை தானாகவே கடுகு டப்பாவை நோக்கி நீளும், அதை மற்றொரு கையால் பிடித்துக்கொள்வது நலம். பின்னர் 600 கிராம் காலிஃபிளவரைத் தண்டோடு நறுக்கிப் போட்டு, காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, உப்பிட்டு மூடி வேகவிட்டால், கால் மணி நேரத்தில் தண்டு கரண்டியின் முதுகுக்கு எதிர்ப்புக் காட்டாமல் நசுங்கும். எதிர்ப்புக் காட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அரைவேக்காட்டுத் தண்டு எத்தனை ஆயிரம் சுற்று சுற்றினாலும் நாக்கில் மணலாகவே தங்கும். நீரை முதலிலேயே தாராளமாக ஊற்றியவர்கள்தாம் பின்னர் இரவோடிரவாகச் சோளமாவு டப்பாவைத் திறக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த கட்டத்தில் மிக்சி வருகிறது. கொதிக்கும் குழம்பை மூடிய சாடியில் ஊற்றிச் சுழற்றும்போது, உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் திடீரென விரிந்து மூடியைத் தள்ளும் என்பது பௌதிகம். தள்ளப்பட்ட மூடி எங்கே போகும் என்பதைப் பௌதிகம் சொல்வதில்லை, சமையலறைக் கூரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சட்னிக்கு விரலால் மூடியை அழுத்தியே பழகிய கை, ஆறவைத்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, ஆவி வெளியேற வழிவிட்டு, மேலே துணியைப் போட்டுப் பிடிக்க வேண்டும் என்னும் அறிவுரையைக் கோழைத்தனமாகக் கருதுகிறது. பாத்திரத்துக்குள்ளேயே நுழைத்து அரைக்கும் கைப்பிடி அரைப்பான் இந்தச் சிக்கலை முற்றாகத் தீர்க்கும். அது பெரும்பாலான வீடுகளில், தீபாவளிப் பரிசாக வந்த உறையோடு, போர்க்காலக் காப்பறையாகக் கட்டப்பட்டு இன்று சாமான் அறையாகிவிட்ட இரும்புக்கதவு அறைக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

கிரீம் சேர்க்கும் முன் பெட்டியின் பின்புறத்தைப் படிப்பது நன்று. 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீமில் மாவுச்சத்து நூறு கிராமுக்கு 3 கிராம் அளவில்தான் இருக்கும். கொழுப்புக் குறைந்தது என்று பெருமையோடு விற்கப்படும் சில சமையல் கிரீம்களில், போன கொழுப்பின் இடத்தை நிரப்பப் பதப்படுத்திய மாவு சேர்க்கப்பட்டிருக்கும். வாசலில் துரத்தப்பட்டவர் கொல்லைப்புறமாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இந்நிலையைப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி கொண்டுபோகாதவர்கள் அறிவதில்லை. பசும்பால் ஒவ்வாதோருக்குத் தேங்காய்ப்பால் உண்டு. அதையும் அடுப்பை அணைக்கும் தறுவாயில் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் இறக்கினால் திரியாது. வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை மேலே விழுந்ததும் சூப் முடிந்தது.

கணக்குப் பார்த்தால், நார் நீங்கலாகக் காலிஃபிளவரில் 18, வெங்காயத்திலும் பூண்டிலும் சுமார் 6, நூறு கிராம் கிரீமில் 3 என 27 கிராம். நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 7 கிராமுக்கும் குறைவு. எவரும் குறைசொல்ல முடியாத எண். ஆனால் வெறும் சூப்பை எப்படிக் குடிப்பது என்ற கேள்வி அந்நேரத்தில் எழுந்தே தீரும். ஒரு துண்டு வெள்ளை ரொட்டியில் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு எடுத்தவுடன், ஒரு மாலை முழுவதும் மிக்சியோடு போராடி மிச்சப்படுத்தியது அவ்வளவும் செலவழிந்துவிடுகிறது. குறைந்த மாவுச்சத்துச் சூப்பின் சிக்கல் பாத்திரத்துக்குள் ஒருபோதும் இருந்ததில்லை, பக்கத்துத் தட்டில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், அத்தகையோர் மருத்துவரைக் கேட்டபின்னரே தட்டையும் பாத்திரத்தையும் பற்றி முடிவெடுக்க வேண்டும். மின்தூக்கியில் உடன்வரும் பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவர் ஆகார்.

பக்கத்துத் தட்டின் வலிமைக்குச் சாங்கியே சான்று. கடற்கரையோர மரப்பாலத்தில் காலையில் வியர்க்க நடந்தவர்கள், பூலாவ் உபின் படகுத்துறையைக் கடந்து, சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் வாங்க வரிசையில் நிற்கிறார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, பொரித்த நெத்திலி, நிலக்கடலை, முட்டை, கோழி, சம்பால் ஆகியன சேர்ந்த அவ்வுணவைக் குறைந்த மாவுச்சத்து நீதிமன்றத்தில் நிறுத்தினால், நெத்திலியும் முட்டையும் கோழியும் தேங்காய்ப்பாலுங்கூட விடுதலையாகிவிடும். குற்றவாளி சோறு ஒன்றுதான். ஆயினும் குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சிகளை மட்டும் உண்டு எழுந்தவரை அந்த அங்காடியில் காண்பது அரிது.

இதே சாங்கியில் உணவுப் பேச்சு வேறொரு காலத்தில் வேறொரு வகையில் நடந்ததையும் இங்குச் சொல்லாமல் போவது முறையன்று. 600 கைதிகளுக்கென 1936இல் கட்டப்பட்ட சாங்கிச் சிறையில், 1942இல் ஜப்பானியர் ஐரோப்பியப் பொதுமக்களைப் பெண்கள், குழந்தைகளோடு அதைப்போலப் பலமடங்காக அடைத்தபோது, எத்தல் மல்வேனி என்னும் கனடியப் பெண்மணி சக கைதிகளைக் கூட்டி, கற்பனை விருந்து நடத்தி, அவரவர் வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சொல்லச்சொல்லி எழுதிவைத்தார். அவை 1946இல் கனடாவில் நூலாக அச்சேறி, அந்த வருவாய் முன்னாள் போர்க்கைதிகளுக்கு உணவுப்பொருள் அனுப்பச் செலவாயிற்று. பசித்தோர் கனவு கண்டது வெண்ணெயையும் கேக்கையும்தான். கிராம் கணக்கில் மாவுச்சத்தைக் கழித்துப் பார்ப்பது, வேண்டுமென்றால் கீழே இறங்கிப் பத்து நிமிடத்தில் எதையும் வாங்கிவிடலாம் என்ற தைரியம் உள்ளவர்களின் வேலை.

வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சூப்பை எதிர்கொள்ளும் விதம் தனி. கும்பகோணத்திலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருக்கும் மாமியார் வெண்மையான கெட்டித் திரவத்தைக் கண்டதும் முதலில் கேட்பது, "ஏம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை? கஞ்சி வெச்சிருக்கே?" என்பதாக இருக்கும். சூப் என்று விளக்கினால், "நல்ல மிளகு ரசம் வெச்சா இத்தனை பாடு எதுக்கு?" என்ற வாதம் வரும். வாதம் கேட்க இனிது. ஆனால் ரசம் மட்டும் குடித்து இரவைக் கடத்தியவர்கள் நள்ளிரவில் முறுக்கு டப்பாவைத் தேடியதற்குச் சான்றுகள் உண்டு, கொழுப்பும் நாரும் சேர்ந்த கெட்டிச் சூப்போ பசியைக் காலைவரை தள்ளிப்போடும் திறன் பெற்றது. இதை மருமகள் எடுத்துச் சொல்லலாம், சொல்லாமலிருப்பதே வழக்கம்.

மிச்சமாகும் சூப் குளிர்பதனப் பெட்டியில் கொழுப்பு இறுகி மேலும் கெட்டியாகிவிடும் என்பதால், மறுநாள் மெல்லிய தீயில், சிறிது நீர் விட்டு, கிளறிக்கொண்டே சூடாக்க வேண்டும். அவ்வாறு சூடாக்கச் சென்ற மருமகள் பாத்திரத்தைக் காணாமல் தேடியபோது, அது சாப்பாட்டு மேசையில், கடுகும் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டப்பட்டு, ஆவி பறக்கும் இடியாப்பத் தட்டுக்கு அருகில் இருந்தது.

"சொதி மாதிரி நல்லாத்தாம்மா இருக்கு. அடுத்த தடவை ரெண்டு முருங்கைக்காய் போடு. உம் புருஷனுக்கு இன்னும் நாலு இடியாப்பம் வெக்கட்டுமா?"