மூணு நிமிஷம் ஆச்சு

ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுத் தபாலாபீஸ் பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். பம்பாயில் வேலைக்குச் சேர்ந்த அண்ணனோடு பேச, எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆர்டினரியா அர்ஜெண்டா என்ற கேள்விக்கு அப்பா எப்போதும் ஆர்டினரி என்றே சொல்வார். அர்ஜெண்ட் என்றால் இரண்டு மடங்கு, லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. லைன் கிடைக்க மத்தியானம் முழுக்க ஆகலாம். அதற்குள் நான் என்னென்ன சொல்ல வேண்டும் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்வேன், வியர்வையில் அது பாதி அழிந்திருக்கும்.

"பம்பாய் லைன்ல இருக்கு, பேசுங்க." முதல் நிமிஷம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போகும். இரண்டாவது, சாப்பாடு எப்படி, மழை உண்டா என்பதில். அம்மா முக்கியமான சங்கதிக்கு வந்து, "ஏண்டா, அந்த வரனுக்கு என்ன சொல்றே?" என்று கேட்கும்போதுதான் ஆபரேட்டர் அம்மாள் குறுக்கே வருவார்: "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?" அந்தத் தடவை அப்பா வேண்டாம் என்று தலையாட்ட, மிச்சமிருந்த சில நொடிகளில் அண்ணன் சரி என்றுவிட்டான். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான். இன்றைக்கும் அந்த ஆபரேட்டரிடம் எனக்குப் பெரிய மரியாதை. குறுக்கிட்டாலும், கேட்டுவிட்டுத்தான் துண்டித்தார்.

1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிய, ஆபரேட்டர் இல்லாமல் நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. எங்கள் தெருவுக்கு வந்து சேர எண்பதுகளின் கடைசி ஆயிற்று. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, கட்டணம் கால்பங்காகும் இரவு நேரத்துக்காக வாசலில் வரிசை. பேசுகிறவரைக் குறுக்கிட அங்கே ஆள் இல்லை. மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களே போதுமாக இருந்தன.

இப்போது மகன் வெளிநாட்டிலிருந்து முகம் காட்டிப் பேசுகிறான். பேத்திக்கு முதல் பல் முளைத்ததை அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. நேரக் கணக்கு கிடையாது, மேலதிகக் காசும் கிடையாது. ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண்கள் திரையின் மேல் ஓரத்துக்கு ஓடிவிட்டுத் திரும்புகின்றன, ஏதோ மெசேஜ். "சொல்லுங்கப்பா" என்கிறான். மறுபடி ஆரம்பிக்கிறேன். "ஒரு நிமிஷம்ப்பா, ஆபீஸ் கால்" என்கிறான். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது, இல்லையா? பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று அவனிடம் கேட்க வேண்டும். மூன்று மாதமாக அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.