"தூக்கமே இல்லையா?": கருவளையவியலுக்கு ஒரு சிறு பங்களிப்பு

கீழ் இமையின் ஓரத்தில் தொடங்கிக் கன்ன எலும்பின் மேட்டில் முடிந்துவிடும் ஒரு சிறு பிரதேசத்தைப் பற்றியது இந்த ஆய்வு. ஒரு விரலைப் படுக்கவைத்தால் மறைந்துவிடும் பரப்புதான். அங்குள்ள தோலின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்; உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று. இந்த அரை மில்லிமீட்டரின் மீது மனித குலம் ஏற்றிவைத்திருக்கும் சுமையோ பெரிது: க்ரீம், சீரம், ஜெல் பட்டை, கெமிக்கல் பீல், லேசர், நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி நமக்கே திரும்பக் குத்தும் பிஆர்பி, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர், எல்லாம் பொய்த்தால் கத்தி. எதிரணியில் வெள்ளரி வில்லை, உருளைக்கிழங்குச் சாறு, ஊறிய டீ பேக், பாதாம் எண்ணெய். இவற்றுள் எது சிறந்தது என்று ஸ்கின் டாக்டர், பியூட்டி பார்லர், சித்திமார் ஆகிய முத்தரப்புக்கும் இடையே நெடுநாளாக வாதம் நடக்கிறது. மூவருமே நோயாளியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு. கருவளையம் உடையவரின் தோலில் தொடங்கினாலும், அது நோயாக முற்றுவது பார்ப்பவரின் வாயில். "ஏன் இப்படி இருக்கே, தூக்கமே இல்லையா?" என்று ஒருவர் கேட்கும்வரை அது வெறும் முகம். ஆகவே எந்தச் சிகிச்சை என்று தேர்வதற்கு முன், யாருக்குச் சிகிச்சை என்று தேர்ந்தாக வேண்டும்.

முதலில் தோலின் தரப்பைக் கேட்போம். தோல் மருத்துவம் கருவளையத்தை நான்காகப் பிரிக்கிறது: மெலனின் மிகுந்த பழுப்பு வகை, மெல்லிய தோலின் வழியே ரத்த நாளங்கள் தெரிகிற ஊதா வகை, பள்ளமோ பையோ வீழ்த்துகிற நிழல் வகை, இவை கூட்டணி வைத்துக்கொண்ட கலப்பு வகை. பிரித்தறிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். கண்ணாடி முன் நின்று, கீழ் இமைத் தோலை விரலால் மெல்லக் கன்னப் பக்கம் இழுத்துப் பிடித்தால் போதும். பழுப்பு மாறாமல் தோலோடு கூடவே வந்தால் நிறமி. இழுக்க இழுக்க ஊதா கூடினால் ரத்தம். இழுத்ததும் கருமை கரைந்தால், அல்லது தலைக்கு மேல் பிடித்த டார்ச்சை முகத்துக்கு நேரே இறக்கியதும் காணாமல் போனால், நிழல். இதன் விளைவு லேசானதல்ல. முதல் வகை மட்டுமே தோலில் வசிக்கிறது. இரண்டாவது தோலுக்கு அடியில். மூன்றாவதற்கு நிலையான முகவரியே இல்லை. விளக்கு எங்கே தொங்குகிறதோ அதைப் பொறுத்தது. கல்யாண மண்டபத்தில் இதை யாரும் சரிபார்க்கலாம். வாசலில், உச்சந்தலைக்கு மேல் எரியும் விளக்கின் கீழ் "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கப்பட்டவர், மேடையேறி வீடியோக்காரரின் விளக்கு நேரே அடித்ததும் பூரண குணமடைகிறார். நடுவில் மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை, பந்திக்குக்கூடப் போகவில்லை.

இனி, சிகிச்சைகளை வகைகளோடு பொருத்திப் பார்க்கலாம். நிறமிக்கு சன்ஸ்கிரீன், வைட்டமின் சி, ரெட்டினால் ஆகியவற்றால் ஓரளவு பயனுண்டு. ஆனால் பலனை மாதக்கணக்கில்தான் எண்ண வேண்டும். அதற்குள் ஒரு முகூர்த்த சீசனே முடிந்துவிடும். ஊதா வகைக்குக் காஃபின் கலந்த ஜெல்: நாளங்களைச் சுருக்கும், சில மணி நேரத்தில் அவை பழையபடி விரியும். வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். அது தரும் ஆறுதலில் பெரும்பங்கு குளிர்ச்சியினுடையது. மீதி 5 சதவீதத்தின் மீது சித்திமார் எழுப்பியிருக்கும் கோபுரம் சற்று உயரம். காலை வீக்கமோ, இரவெல்லாம் படுத்திருக்கையில் தேங்கிய நீர். எழுந்து நடமாடினால் தானே வடியும். ஆகவே ஏழு மணிக்குத் தடவிய எந்தக் களிம்பும் பத்து மணிக்கு வெற்றி பெறும். லேசரின் கதை வேறு. தோல் நிறங்களை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் பிறந்தபோது வெள்ளைத் தோலை மனதில் வைத்தே அமைந்தது. பழுப்புக்கும் கறுப்புக்கும் பிறகுதான் அதில் இடம் கிடைத்தது. அந்தப் பிற்சேர்க்கையில் அடங்கும் நம் போன்ற தோல்களில், அளவு மீறிய சூடு பட்டால் அந்த இடம் மேலும் கறுக்கும். கருமையைப் போக்கச் செலவழித்த பணம், கருமையாகவே திரும்பி வருவதும் உண்டு.

தூக்கம் கெட்டால் கண்ணடி கறுப்பது உண்மைதானே, கேட்பவர்மேல் என்ன குற்றம் என்று எதிர்வாதம் எழும். அதற்குச் சான்றும் இருக்கிறது. 2013-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், 10 பேரை நன்றாகத் தூங்கிய பிறகும் 31 மணி நேரம் விழித்திருந்த பிறகும் படமெடுத்தார்கள். விழித்த முகங்களில் கருவளையம் கூடுதல் என்று முடிவு வந்தது. எதிர்த்தரப்பு இதைக் கொண்டாடுமுன் ஆய்வுமுறையைப் படிக்க வேண்டும். கருமையை அளந்தது மானி எதுவுமல்ல. படங்களைப் பார்த்து மதிப்பெண் போட்ட 40 பேரின் கண்கள். அந்த முகங்கள் சோகமாக இருப்பதாகவும் அவர்களே சொன்னார்கள். ஆக, அறிவியலிலும் கருவளையத்துக்கு அளவுகோல் அக்கம்பக்கத்தார்தான். ஊர் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. சென்னையில் கண்ணடிப் புடைப்பைக் கரைக்கப் பணம் கட்டுகிறார்கள். சியோலில் இமையை ஒட்டிப் புடைக்கும் 'ஏக்யோ சால்' இளமையின் அடையாளம், ஊசி போட்டு வரவழைக்கிறார்கள். ஒன்று கொழுப்பு, மற்றது தசை என்று உடற்கூறியலார் திருத்துவார்கள். திருத்தம் ஏற்கப்படுகிறது: இரண்டுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர், கட்டணம் இரு திசையிலும் வசூலாகிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் கண்ணடியில் கறுப்பு மையை வேண்டுமென்றே பூசிக்கொள்கிறார்கள். அது கண்கூச்சத்தைக் குறைப்பதாக 2003-இல் யேல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே வசதியை இலவசமாகச் சுமந்து திரிபவரிடம்தான் இங்கே தூக்கத்தைப் பற்றி விசாரிக்கிறோம்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: ஃபில்லர் வேலை செய்கிறதே. செய்கிறது. ஹயலுரானிக் அமிலம் பள்ளத்தை நிரப்பினால் நிழல் விழ இடமில்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் தோலுக்குக் கீழே ஊசி சற்று மேலோட்டமாக இறங்கிவிட்டால், அந்த இடம் நீலம் பாரிக்கிறது. ஒளிச்சிதறலை ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலர் ஜான் டிண்டால் பெயரால் இதை டிண்டால் விளைவு என்கிறார்கள். நிழலைப் போக்கப் போய் நீலம் வாங்கிவந்தவர், ஹயலுரானிடேஸ் ஊசி போட்டு அதைக் கரைக்க வேண்டும். மிக அரிதாக, ஃபில்லர் ரத்த நாளத்துக்குள் போய் அடைத்துப் பார்வையே பறிபோனதும் உண்டு. அடுத்தவர் வாயை அடைக்க நம் கண்ணைப் பணயம் வைக்கும் பேரம் இது. கைதேர்ந்த மருத்துவரிடம் அபாயம் குறைவு என்பது உண்மை; பேரத்தின் இயல்பு மாறவில்லை என்பதும் உண்மை.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு இக்கட்டுரை தலைவணங்குகிறது: கருவளையமும் வீக்கமும் சில சமயம் நிஜ நோயின் அறிகுறி. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தூசு அலர்ஜி உள்ளவர் கண்ணைக் கசக்கிக் கசக்கியே கறுக்க வைக்கிறார். தைராய்டு, சிறுநீரகக் கோளாறுகள் கண்ணைச் சுற்றி வீங்க வைக்கும். இங்கே கேட்பவர்களுக்குள் ஒரு பாகுபாடு தேவைப்படுகிறது. மருத்துவரும் "தூங்குகிறீர்களா?" என்றுதான் கேட்கிறார், ஆனால் கேட்டுவிட்டுக் கீழ் இமையை இழுத்து உட்புறம் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். மற்றவர்கள் கேட்டுவிட்டு க்ரீம் பெயர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லப்படும் சில சிவப்பழகு க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கண்ணருகே தொடர்ந்து தடவினால் தோலை மேலும் மெலிதாக்கும், கண்ணின் அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

ஆகவே தேர்வு முறையை இவ்வாறு வகுக்கலாம். கேட்டவர் மருத்துவர் என்றால் ரத்தப் பரிசோதனை. கேட்டது காலை ஏழு மணிக்கு என்றால் பத்து மணிவரை ஒத்திவைப்பு. மேல்விளக்கின் கீழ் என்றால், நான்கடி நகர்ந்து நிற்பது. இத்தனைக்கும் அடங்காத கேள்விக்கு, அழகு சாதனங்களிலேயே நேர்மையான ஒன்று மிஞ்சுகிறது: கன்சீலர். ஊதாவின் மேல் ஆரஞ்சுச் சாயல் பூச்சு, அதன் மேல் தோல் நிறத்தில் இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். தோலைத் திருத்துவதாக அது வாக்களிப்பதில்லை. இரவில் முகம் கழுவினால் போய்விடுகிறது. வேலை முழுவதையும் பார்ப்பவரின் கண்ணில்தான் செய்கிறது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும் ஒரே சிகிச்சை அது. எனவே அதன் விலையையும், நியாயப்படி, கேட்டவரே ஏற்க வேண்டும். நேரில் வசூலிக்கக் கூசுபவர்கள், அவர் வீட்டு விசேஷத்தில் எழுதும் மொய்யில் கழித்துக்கொள்ளலாம்.