பூனைக்கு ஒரு குத்தி நடுங்க, மருமகன்!

இப்பிடி இரிங்க மருமகன். முதல்ல அந்தத் தும்புத்தடியை மூலையில வையுங்க. புதுச் செற்றியிட கைப்பிடியைப் பூனை பிறாண்டிப் போட்டுது எண்டு வளவு முழுக்க அதை விரட்டித் திரிஞ்சீங்களே, ஆரையம்பதிச் சந்தி வரைக்கும் உங்கட சத்தம் கேட்டிரிக்கும். பூனைக்கு என்ன நடந்தது? மதிலில ஏறிக் குந்திக்கொண்டு வாலை நக்குது. வேர்த்து விறுவிறுத்து நிக்கிறது நீங்கதான்.

வழக்கை ஒழுங்கா விசாரிப்பம். வீடு ஆரிட? எங்கட புள்ளைக்குச் சீதனமா எழுதினது. மட்டக்களப்பு வழமை அதுதானே. எழுதிக் குடுத்திட்டு நானும் உங்கட மாமியும் சட்டி பானையோட பின்வளவுக் கொட்டிலுக்கு வந்திட்டம். நீங்க கலியாணத்துக்குப் பிறகு வந்தீங்க. பூனை அதுக்கு முந்தியே அடுப்படியில குட்டி போட்டிட்டுது. இந்த வீட்டில மூப்பு ஆருக்கு எண்டு நான் சொல்லமாட்டன். நீங்க படிச்ச மனிசன், யோசிச்சுப் பாருங்க.

"வேணுமெண்டே செய்யிது மாமா, என்னில கோவம்" எண்டு சொன்னீங்களாம். உங்களில கோவப்பட எங்கட வீட்டில வேற ஆக்கள் இரிக்கிறம். பூனைக்கு அந்த மினக்கேடு இல்ல. செற்றிக்குக் கீழ குனிஞ்சு பாருங்க. மெல்லிசா, வளைஞ்சு, உள்ளுக்கு ஒண்டுமில்லாத சின்னத் துண்டுகள் கிடக்கும். நகம் உடைஞ்சு போச்சு எண்டு பயப்படாதீங்க. அது நகத்திட பழைய மேலுறை. அது கழண்டாத்தான் கீழ இரிக்கிற புதுக்கூர் வெளிய வரும். முன்னங்கால் நகத்துக்குத்தான் இந்தப் பிறாண்டல் வேணும். பின்னங்கால் நகத்தைப் பல்லால கடிச்சே உரிச்செடுக்கும்.

மறுகா, அதிட பாதத்தில வாசனை சுரக்கிற இடமும் இரிக்கு. பிறாண்டினாக் கண்ணுக்குத் தெரியிற கீறலும் விழும், மற்றப் பூனையிட மூக்குக்குத் தெரியிற மணமும் ஒட்டும். படுவான்கரையில பட்டி வைச்சிருந்த எங்கட ஆக்கள் மாட்டில குடிக்குறி சுட்டாங்களே, அதே கணக்குத்தான். போடியார் போட்டாக் கௌரவம், பூனை போட்டாக் குற்றமோ?

"முந்தி இப்பிடிச் செய்யேல்லையே" எண்டு கேப்பீங்க. முந்தி உங்கட செற்றியும் இல்லையே! அடுப்படிக் கப்பு இரிந்தது, வேலிக்கட்டை இரிந்தது, முத்தத்தில தென்னை நிண்டது. 1978 நவம்பர் 23-ஆம் தேதிச் சூறாவளி இந்தக் கரையிட தென்னந்தோட்டங்களைச் சரிச்சுப் போட்டுது. எங்கட வளவில அதுக்கும் தப்பி நிண்ட ரெண்டு தென்னையைக் கார் நிப்பாட்ட இடம் வேணுமெண்டு நீங்க தறிச்சீங்க. வேலியைப் பிடுங்கி மதில் கட்டினீங்க. முத்தத்துக்கு இன்டர்லொக் கல், உள்ளுக்கு டைல். பூனைக்கு நகம் பதியிற இடமெண்டு மிஞ்சினது செற்றி ஒண்டுதான். அதுக்கு மேல மருதமுனைக் கைத்தறித் துணியையும் விரிச்சு விட்டீங்க. நூல் எழும்பி நிக்கிற நெசவைக் கண்டாப் பூனை சும்மா போகுமா? வெத்திலை வைச்சு அழைச்சது நீங்க, வந்தது அதிட பிழையாம்.

அதனால "பிறாண்டாத" எண்டு பூனைக்குச் சட்டம் போடாதீங்க. எங்க பிறாண்டுறது எண்டு இடம் காட்டுங்க. அதுக்குக் காசும் பெரிசா வேணாம். கொழும்புக் கடைகளில சைசல் கயிறு சுத்தின கம்பம் விக்கிறாங்கதான். ஆனாக் கனக்க விலை, பாதிக்குமேல குட்டிப் பூனைக்குத்தான் அளவு. தறிச்ச தென்னையில ஒரு குத்தி கோடிப்பக்கம் கிடக்கு. அதில மூண்டடி வெட்டுங்க. பூனை பின்னங்காலில நிண்டு முழு உடம்பையும் நீட்டி இழுக்க அந்த உயரம் வேணும். நல்ல தும்புக்கயிறு வாங்கி, ஒரு சுத்தோட மற்றச் சுத்து முட்டுற மாதிரி இறுக்கிச் சுத்துங்க. தோணி கட்டின நைலோன் கயிறு சும்மா கிடக்கு எண்டு அதைச் சுத்திப் போடாதீங்க. அது வழுக்கும், நகம் ஏறாது.

குத்திக்கு அடியில அகலமான பலகை அடிச்சுப் பாரம் ஏத்துங்க. ஆடுற குத்தியைப் பூனை ஒருதரம் தொட்டா மறுதரம் திரும்பியும் பாராது. உறுதியா எண்டு நானே சாய்ஞ்சு பார்க்கிறன். நீங்க சாயவேணாம், உங்கட வண்டிக்குப் பாலமும் தாங்காது. வேற சில பூனைக்கு நிமிந்த குத்தி பிடிக்காது, நிலத்தில விரிச்ச பன்பாயைத்தான் பிறாண்டும். அதுக்குச் சாக்குச் சுத்தின பலகை ஒண்டைப் படுக்கவைச்சாச் சரி.

இனி எங்க வைக்கப் போறீங்க? எனக்குத் தெரியும், குசினிக்குப் பின்னால. வாற சனம் பாத்தா வெக்கமாம். பூனை குறி போடுறதே நாலு பேர் காணத்தான், அதைக் கொண்டுபோய் இருட்டில வைச்சா ஆருக்குப் போடும்? இப்ப பிறாண்டுற செற்றிக் கைப்பிடிக்குப் பக்கத்திலயே நிப்பாட்டுங்க. நித்திரையால எழும்பின உடனே பூனை சோம்பல் முறிச்சு, எட்டி ஒரு பிறாண்டல் பிறாண்டும். அது படுக்கிற இடத்துக்குக் கிட்டவும் ஒண்டு இரிந்தா இன்னும் நல்லம். பழகின பிறகு கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தலாம். அதுவரைக்கும் கைத்தறித் துணியை மடிச்சு அலுமாரியில வைச்சிட்டு, கைப்பிடிக்கு வழுவழுத்த பிளாஸ்டிக் சீற்றையோ இருபக்கமும் ஒட்டுற டேப்பையோ போட்டு விடுங்க. காலில ஒட்டுறது பூனைக்குப் பிடிக்காது.

பூனையிட கையைப் பிடிச்சுக் குத்தியில தேய்ச்சுக் காட்டிப் போடாதீங்க. ஏடு தொடக்கிற புள்ளையா அது? வெருண்டு ஓடும், பிறகு குத்தியிட பக்கமே வராது. ஒரு ஈர்க்கில் நுனியில கோழிச்செட்டை கட்டி, குத்தியில மேலயும் கீழயும் ஓட்டுங்க. அதைப் பிடிக்கப் பாய்ஞ்சா நகம் தன்பாட்டில பதியும். பதிஞ்ச உடனே அவிச்ச மீனில ஒரு துண்டு. கருவாடு வேணாம், அந்த உப்புப் பூனைக்கு ஆகாது.

மதிலோரத்தில பூனைவணங்கி நிக்குதே, குப்பைமேனி எண்டும் சொல்றது, அதை வேரோட பிடுங்கி வந்து பச்சை வேரைக் குத்தியில தேயுங்க. வெள்ளைக்காரன் பூனைக்கு வேற செடி ஒண்டைக் காயவைச்சுப் பைக்கட்டில விக்கிறான். எங்கட வளவில சும்மா முளைக்கிற இதிட வேருக்கும் அதே குணம். பூனை உருண்டு புரளும்.

கனடாவில இரிந்து உங்கட தமையன், நகத்தை ஒரேயடியாக் கழட்டிவிடச் சொன்னாராம். அது நகம் வெட்டுறதில்ல மருமகன், ஒவ்வொரு விரலிலயும் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டுறது. இங்கிலாந்தில தடை. நியூயோர்க் மாநிலத்தில 2019-இல தடை செஞ்சாங்க. அவர் இரிக்கிற கனடாவிலயே பல மாகாணத்தில மிருக வைத்தியர் அதைச் செய்யப்படாது. தமையனுக்கு இதைச் சொல்லுங்க. நகம் கூர் எண்டா நகம்வெட்டியால நுனியை மட்டும் எடுங்க. உள்ளுக்கு ரோசாநிறமாத் தெரியிற இடத்தைத் தொட்டா ரெத்தம் வரும்.

தும்புத்தடியால அடிச்சா என்ன நடக்கும் தெரியுமா? பிறாண்டுறது பிழை எண்டு பூனை படிக்காது. நீங்க நிக்கேக்குள்ள பிறாண்டப்படாது எண்டு மட்டும் படிக்கும். நீங்க கந்தோருக்குப் போனதும் செற்றி அதுக்குத்தான்.

கடைசியா ஒண்டு. நாள் போகக் குத்தி தும்பு தும்பாக் கிழிஞ்சு தொங்கும். எங்கட புள்ள அசிங்கமெண்டு தூக்கி எறியப் பார்ப்பா. விடாதீங்க. அதில பூனையிட மணம் ஏறியிரிக்கு, கிழியக் கிழியத்தான் அதுக்குப் பிடிக்கும். புதுக்குத்தி வேணுமெண்டா வாங்கிப் பக்கத்தில வைச்சு, பூனை அதில பழகின பிறகு பழசை எடுங்க. பூனையைத் திருத்த வெளிக்கிட்டு வெண்டவனை நான் இந்த வாவியிட ரெண்டு கரையிலயும் காணேல்ல. இடத்தை மாத்திக் குடுத்தவன் வெண்டிருக்கான். எழும்புங்க, கோடியில வாள் இரிக்கு, குத்தியை வெட்டுவம்.