சோளத்துக்கு வெயில், நமக்கு டியூப்லைட்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவனுக்கு என்ன இடம் என்பதை எனக்கு முதலில் சொல்லித் தந்தது ஒரு மக்காச்சோளக் கொல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில், கட்டடங்களுக்கு நடுவே, மாரோ பிளாட்ஸ் என்று சில பாத்திகள் உண்டு. மண் ஆராய்ச்சிக்காக 1876இலிருந்து விதைத்து அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1960களில் அதன் பக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கென்று நூலகம் கட்ட வேண்டிவந்தது. மாடி எழுப்பினால் நிழல் பயிர்மேல் விழும், தொண்ணூறு வருஷக் கணக்கு கெட்டுப்போகும். யோசித்தார்கள். நூலகத்தையே பூமிக்குள் இரண்டு தளம் இறக்கிவிட்டார்கள். 1969இல் அது திறந்தது. சோளத்துக்கு வெயில், மாணவனுக்கு டியூப்லைட்.

1980களின் நடுவில் போய் இறங்கிய எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. பாதாளத்தில் ஹீட்டர் ஓடியது, அதற்கு நான் பணம் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் நாங்கள் நாலு பேர். கேஸ் பில்லுக்குப் பயந்து ஸ்வெட்டரோடு சாம்பார் வைத்துக்கொண்டிருந்தோம். ஜனவரியில் என் அறிவுத்தாகம் திடீரென்று பெருகியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

மாதக் கடைசியில் டெலிபோன் பில் வரும். எந்த ஊர், எந்த நேரம், எத்தனை நிமிஷம் என்று வரிவரியாக அச்சடித்திருக்கும். நால்வரும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறப் பேனாவால் அவரவர் பாவத்தைக் கோடிட்டுக்கொள்வோம். "மெட்ராஸ், ராத்திரி ரெண்டு மணி, பதினொரு நிமிஷம். யாருடா இது?" பதில் வராது. எங்களில் காதலித்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான் என்பதால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும்.

வசதியே இல்லாத காலம் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். பிளேட்டோ என்ற கணினி அமைப்பு அந்த வளாகத்தில் பிறந்து வளர்ந்தது. கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து மினுங்கும். அந்த பிளாஸ்மா திரையையே 1964இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பிறகு விரலால் தொட்டால் வேலை செய்யும்படியும் ஆக்கினார்கள். 1973இலேயே முகம் தெரியாதவர்களோடு எழுத்தில் அரட்டையடிக்க அதில் வழி இருந்தது. பாடம் நடத்தக் கட்டிய யந்திரம்தான், ஆனால் விடிய விடிய அதில் ஆட்டம் ஆடிப் படிப்பைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. இப்போது அதே வளாகத்தில் முதுநிலை படிக்கும் என் மகள் போனை ஆட்டிக் காட்டி, "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா?" என்கிறாள். தொடுதிரை, அரட்டை, தூக்கத்தைக் கெடுக்கும் விளையாட்டு எல்லாமே இருந்ததடி. அம்மாவோடு பேசத்தான் காசில்லை.

பெரிய நூலகத்தின் அடுக்குகளுக்குள் தமிழ்ப் புத்தகங்களும் இருந்தன. அவை வந்த கதைக்கு நம் ரேஷன் கடையோடு சம்பந்தம் உண்டு. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கா நமக்குக் கோதுமை அனுப்பியது. நாம் ரூபாயில் விலை கொடுத்தோம். இங்கேயே குவிந்த அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு, 1962இலிருந்து இந்திய மொழிகளில் அச்சாகும் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். பல பிரதிகளை என்னைத் தவிர யாரும் பிரித்த அடையாளமே இல்லை. சிறுவயதில் வேண்டாவெறுப்பாகத் தின்ற கோதுமை உப்புமா, பனி கொட்டும் ஊரில் சிறுகதைத் தொகுப்பாக வந்து கைக்குக் கிடைத்தது. அரசாங்கங்கள் தெரியாத்தனமாகச் செய்த நல்ல காரியங்களில் இதைச் சேர்ப்பேன்.

இப்போதைய வளாகத்தை மகள் சுற்றிக் காட்டினாள். கறிவேப்பிலைக்காக நாங்கள் யாருடைய ஓட்டைக் காரிலாவது தொற்றிக்கொண்டு சிகாகோ டெவான் அவென்யூ வரை போன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "இங்கேயே கிடைக்குதுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். நேரே உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். எங்கள் காலத்தில் அதை இம்பி என்போம். கூடைப்பந்து, நீச்சல்குளம், வியர்வை நாற்றம். 2008இல் புதுப்பித்து ஆர்க் என்று பேர் வைத்துவிட்டார்கள். சானா என்ற வெப்ப அறை, சமையல் சொல்லித்தர ஓர் அடுக்களை, கயிறு கட்டிக்கொண்டு ஏறிப் பழக ஒரு செங்குத்துச் சுவர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேடு என்பதே இல்லாத சமவெளி அது. ஏறுவதற்கு எதுவும் இல்லாத ஊரில் ஏறுவதற்குப் பயிற்சி!

இதுவே எளிமை என்கிறார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017இல் மிதவையில் படுத்தபடி மெள்ள மிதந்து போக ஒரு செயற்கை ஓடை திறந்தார்கள், அதுவும் பல்கலைக்கழகப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்து வடிவில். மேலே பறப்பவர்கள் வாசிக்கலாம். மிதப்பவன் எந்த எழுத்தில் இருக்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. செலவு மாணவர் கட்டணத்திலிருந்து. இப்படிப்பட்ட கட்டணங்களில் உள்ள அழகு, மிதந்தாலும் மிதக்காவிட்டாலும், ஏறினாலும் ஏறாவிட்டாலும், எல்லாரும் கட்டியாக வேண்டும் என்பதுதான். நல்ல மாணவர்களை இழுக்க இதெல்லாம் தேவை என்கிறது நிர்வாகத் தரப்பு. நாங்கள் ஹீட்டருக்கே மயங்கிப் போனவர்கள், எங்களைக் கேட்டுப் பயனில்லை. எங்கள் வளாகத்தில் பேரும் மாறியிருக்கிறது. கூடைப்பந்து ஆட்டங்கள் நடக்கும் வட்டக் கட்டடம் அப்போது அசெம்பிளி ஹால் என்று பேர்கொண்டிருந்தது. 2013இலிருந்து அதற்கு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பேர்.

பாதாள நூலகத்தைத் தேடினேன். 2022இல் மூடிவிட்டார்கள். அரிய நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் என்று அந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கு வெயில் ஆகாது. சோளம் அதே இடத்தில், முன்னைப்போலவே முழு வெயிலில் நின்றது.

மகள் சொன்ன இன்னொரு சங்கதி எனக்குப் புதிது. காசில்லாத மாணவர்கள் அரிசி, பருப்பு, டின் உணவு என்று இலவசமாக எடுத்துப்போக இப்போது நூற்றுக்கணக்கான அமெரிக்க வளாகங்களில் உணவு வங்கி இருக்கிறதாம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இலேயே மாணவர்கள் ஆரம்பித்தது இதில் முன்னோடி. ஒரு கையால் ஓடை வெட்டி, மறு கையால் பருப்பு அளக்கிறார்கள். எங்கள் காலத்திலும் பசி இருந்தது. அதற்குத் தனிக் கவுன்ட்டர் இல்லை, கருத்தரங்குகள் இருந்தன. அறிவிப்பைக் கீழிருந்து மேலாகப் படிப்போம். கடைசி வரியில் சிற்றுண்டி உண்டு என்று போட்டிருந்தால்தான் தலைப்புக்கே போவோம். நில அதிர்வு பற்றியும் இடைக்கால பிரெஞ்சு நாடகம் பற்றியும் எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சம் அப்படிச் சேர்ந்ததுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகளின் போன் சிணுங்கியது. கூட்டங்களில் மிஞ்சும் சாப்பாட்டைச் சொல்வதற்கென்றே மாணவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம்.

"அப்பா, மூணாவது மாடியில பீட்சா மிஞ்சிப்போச்சாம். வெஜ் இருக்கு. சீக்கிரம் வாங்க!"

"என்ன கூட்டம்மா?"

"அதெல்லாம் போடலை."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினோம். எங்களுக்கு முன்பே ஒரு பேராசிரியர் வந்து, காகிதத் தட்டில் மூன்று துண்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.