கார்பெட்டும் ஒரு கரண்டி சொதியும்

கணக்குப் பார்ப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. பார்த்து முடித்த பிறகு எழும்பி வேலை செய்வதில்தான் சிக்கல்.

லண்டன் ஹரோவில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், குசினியும் குளியலறையும் தவிர மற்ற எல்லா இடமும் சுவருக்குச் சுவர் கார்பெட். வெண்ணெய் நிறம் வேறு. சோறும் கறியும் சாப்பிடுகிற குடும்பத்துக்கு இந்த வீட்டைத் தந்தவருக்கும் புத்தியில்லை, ஓடிப்போய்க் கையெழுத்து வைத்த எனக்கும் இல்லை.

கார்பெட் கழுவும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு நாள் வாடகை 30 பவுணை ஒட்டி வரும். ஊற்றுகிற திரவத்துக்குத் தனிக் காசு. வாங்கினால் 200 பவுண். ஏழு தரம் கழுவினால் போட்ட காசு வந்துவிடும் என்று கடித உறையின் பின்பக்கத்தில் நிறுவிக் காட்டினேன்.

“முதலாம் தரத்தையே காணேல்ல, ஏழாம் தரத்துக்குக் கணக்குப் பாக்கிறியள்” என்றாள் மனைவி.

தள்ளிப்போடச் சரித்திரத்தையும் துணைக்கு அழைத்தேன். 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் உருவாக்கிய தூசு உறிஞ்சி, குதிரை வண்டியில் வருகிற அளவுக்குப் பெரியது. வண்டி தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தைச் சுத்தம் செய்ததும் அதுதான். ஆகவே கூலிக்கு அழைப்பதே மரபு என்றேன். அந்த மரபையும் நான் கடைப்பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன். விக்கெட் விழுந்தது, கூடவே சொதியும் விழுந்தது. அவள் காண்பதற்குள் துடைத்துவிட வேண்டுமென்று கையில் அகப்பட்ட கறைநீக்கியை அடித்தேன். மஞ்சள் கறை என் கண்முன்னே சிவந்தது. மஞ்சளிலுள்ள குர்க்குமினுக்குக் காரத்தன்மை பட்டால் அப்படித்தான் ஆகும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போடுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி; அந்த நேரத்தில் எனக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

“கார்பெட்டுக்கு ஆராத்தி எடுத்தனீங்களோ?” என்று கேட்டபடி வந்தாள்.

வினாகிரியைக் காட்டியதும் சிவப்பு அடங்கி மறுபடி மஞ்சளானது. அதை ஒரு வெற்றியாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அன்றைக்கே இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தேன். பலர் அதை நீராவி என்கிறார்கள். உண்மையில் சுடுதண்ணீரையும் திரவத்தையும் பீச்சி, உடனே உறிஞ்சி எடுப்பதுதான் அதன் வேலை. பின்னால் இழுக்கும்போது மட்டும் பொத்தானை அமத்த வேண்டும் என்று குறிப்பில் இருந்ததாம். நானோ வைத்த கை எடுக்காமல் அமத்திக்கொண்டே போனேன். தொட்டியைத் திறந்தால் கறுத்த தண்ணீர். அதில் தலைமயிர், ஒரு கடுகு, மனைவியின் ஒட்டுப்பொட்டு. அதைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் யாரும் தரையில் உட்காரத் துணியவில்லை. துணிந்திருந்தாலும் ஈரம் விடாது. சன்னல்களைத் திறந்து போட்டு, நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தோம்.

சொதிக் கறை அசையவில்லை. கோடையில் சன்னல் வெயில் பட்டுப் பட்டு அதுவாகவே வெளிறிப் போனது. மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது. வெயிலுக்கு வாடகையும் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். மலிவு விற்பனையில் சொந்தமாக ஒன்று வாங்கினேன். நியாயமும் வைத்திருந்தேன்: தொழில்முறைச் சுத்தத்துக்குக் காசு கட்டு என்று வீட்டுக்காரர் குடியிருப்போரைக் கட்டாயப்படுத்த முடியாதென்று இங்கிலாந்தில் 2019இல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் குடிவந்தபோது இருந்த சுத்தத்தில் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேய்மானத்துக்கு விலக்கு உண்டு, சொதிக்கு இல்லை. முற்பணத்தைக் காப்பாற்றத்தான் இந்த முதலீடு என்றேன்.

இயந்திரம் படிக்குக் கீழே, பெட்டியும் பிரிக்காமல் கிடந்தது. செய்தி பரவியதும் சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கொண்டுபோனார்கள். வாடகை கேட்க வாய் வரவில்லை. திரவமும் நானே வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது தொட்டியில் அவரவர் வீட்டு அழுக்கு மிச்சமிருக்கும். எங்கள் கார்பெட்டில் அது இன்னும் ஓடவில்லை.

போன கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று குரொய்டனில் இருக்கும் மைத்துனனை அழைத்துக் கேட்டேன்.

“அத்தான், அது இப்ப லூட்டனில ஒரு பெடியன்ர வீட்டில நிக்குது. அவசரமெண்டா ஒண்டை வாடகைக்கு எடுங்கோவன். 30 பவுண்தானே!”